விளைச்சலை அளந்தறிதல்: விவசாயத் திட்டங்களின் பலனைக் கணிக்கும் முறை

ஒரு வட்டாரத்தில் விவசாய அபிவிருத்தித் திட்டம் ஒன்று மூன்று ஆண்டுகள் நடைபெற்று முடிவடைகிறது என்று கொள்வோம். அலுவலகப் பதிவேடுகளைப் புரட்டினால், வழங்கப்பட்ட விதை எத்தனை குவிண்டால், உர மூட்டைகள் எத்தனை, வெட்டப்பட்ட எருக்குழிகள் எத்தனை, நடத்தப்பட்ட செயல்விளக்கங்கள் எத்தனை என்ற விவரங்கள் யாவும் வரிசையாகக் காணப்படும். ஒதுக்கிய தொகை செலவாகியிருக்கும். குறித்த இலக்கும் எட்டப்பட்டிருக்கும். ஆயினும், அத்திட்டத்தினால் வயலில் கூடுதலாக நெல் விளைந்ததா, விளைந்திருப்பின் எவ்வளவு என்று ஒருவர் வினவினால், அப்பதிவேடுகளில் அதற்கு விடை கிடைக்காது.

வழங்கப்பட்ட உரம் வயலுக்குப் போயிருக்கலாம், வேறிடத்திற்கும் போயிருக்கலாம். வெட்டப்பட்ட எருக்குழி, குப்பை நிரம்பிப் பயன்பட்டிருக்கலாம். மழைநீர் தேங்கிய பள்ளமாகவே இருந்துவிடவும் கூடும். ஆகவே, திட்டத்தைப் பற்றிய செய்திகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுதல் அவசியமாகும். செலவிட்ட பணமும் பொருளும் முதல் வகை. அவற்றைக்கொண்டு செய்த காரியங்கள் இரண்டாம் வகை. அக்காரியங்களால் விவசாயியின் வயலிலும் வீட்டிலும் ஏற்பட்ட மாறுதல் மூன்றாம் வகை. முதல் இரண்டும் நாள்தோறும் கண்காணிக்கத்தக்கவை. மூன்றாவதை அளந்தே அறிய வேண்டும். அதற்கு அடிப்படையாக அமைவது பயிர் அறுவடைப் பரிசோதனை. இதன் வரலாற்றையும், செய்முறையையும், இதனின்று பெறும் எண்களைக்கொண்டு ஒரு திட்டத்தின் பலனை முடிவு செய்யும் நெறியையும் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருப்பது நலம்.

அணாவாரி மதிப்பீடு

அறுவடைப் பரிசோதனை வழக்கத்திற்கு வருமுன், நம் நாட்டில் விளைச்சல் பெரும்பாலும் கண்மதிப்பாகவே கணிக்கப்பட்டு வந்தது. பயிரிட்ட பரப்பு, சாதாரண ஆண்டில் ஓர் ஏக்கருக்குக் கிடைக்கும் விளைச்சல், அவ்வாண்டுப் பயிரின் நிலை ஆகிய மூன்றையும் பெருக்கி மொத்த விளைச்சலைக் கூறுவது அம்முறை. பயிரின் நிலையைக் கிராமக் கணக்கர் பார்வையிட்டு, ரூபாய்க்கு இத்தனை அணா என்ற கணக்கில் குறித்து அனுப்புவார். இதனால் இதற்கு அணாவாரி மதிப்பீடு என்று பெயர் வந்தது. சாதாரண விளைச்சலைச் சில மாகாணங்களில் 16 அணாவாகவும், வேறு சிலவற்றில் 12 அணாவாகவும் கொண்டனர். ஒரே சொல் இடத்திற்கு இடம் வெவ்வேறு அளவைக் குறித்தது.

இம்முறையின் குறை கணக்கரின் நேர்மையைப் பொறுத்ததன்று. எவ்வளவு அனுபவமுள்ள கண்ணும் சென்ற ஆண்டுகளின் பழக்கத்தைக்கொண்டே இவ்வாண்டைப் பார்க்கும். மிக நல்ல விளைச்சலை முழுமையாக நம்ப மனம் தயங்கும். மோசமான விளைச்சலையும் ஓரளவு உயர்த்தியே கூறும். வரிவசூல், நிவாரணம் ஆகிய கவலைகளும் மதிப்பீட்டில் புகுந்துவிடும். மேலும், நிலையான வரித்திட்டம் நிலவிய வங்காளம் போன்ற பகுதிகளில், ஆண்டுதோறும் வயல்வாரியாகப் பயிர்க் கணக்கெடுக்கும் கிராம ஊழியர் அமைப்பே இல்லை. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின்போது, உணவு நிலைமையைப் பற்றி நம்பத்தகுந்த எண்கள் இல்லாமை எத்துணைக் கொடிய குறை என்பது நாட்டிற்கு நன்கு புலப்பட்டது.

வாய்ப்பு முறையின் வருகை

கண்மதிப்பை விடுத்து, வயல்களைச் சீட்டுப் போடுவது போன்ற வாய்ப்பு முறையில் தேர்ந்து, அவற்றில் சிறு துண்டுகளை அறுத்து நிறுத்துப் பார்க்கும் முயற்சி 1920-களிலேயே தொடங்கியது. அப்போது பீகார் ஒரிஸ்ஸா மாகாணத்தில் நிலவரித் துறை அதிகாரியாக இருந்தவரும், பின்னர் 1936-இல் ஒரிஸ்ஸாவின் முதல் ஆளுநராக ஆனவருமான ஜே. ஏ. ஹப்பாக், நெல் வயல்களில் இம்முறையைக் கையாண்டு, அதன் விவரத்தை 1927-இல் வெளியிட்டார். வயலை ஆய்வாளர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை அவர் வற்புறுத்தினார்.

பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1937 முதல் வங்காளத்துச் சணல் பயிரைப் பற்றி அவர் நடத்திய மாதிரி ஆய்வுகள், பெரும் பரப்பிலும் குறைந்த செலவில் நம்பிக்கையான கணக்கைப் பெறலாம் என்பதைக் காட்டின. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் புள்ளியியல் பிரிவிலிருந்த டாக்டர் பி. வி. சுகாத்மே 1940-களில் கோதுமை, நெல் ஆகிய பயிர்களில் அறுவடைப் பரிசோதனைகளை மாகாணங்களின் வருவாய்த் துறை, விவசாயத் துறை ஊழியர்களைக்கொண்டே நடத்தும் வழியை வகுத்தார். அந்தப் புள்ளியியல் பிரிவே 1959-இல் விவசாய ஆராய்ச்சிப் புள்ளியியல் நிலையமாகவும், 1978-இல் இந்திய விவசாயப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையமாகவும் பெயர் பெற்றது.

சிறு துண்டினால் நேரும் பிழை

அறுக்கும் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இருந்தது. சிறு துண்டாயின் வேலை விரைவில் முடியும், செலவும் குறையும், அதிக வயல்களுக்குச் செல்லலாம் என்பது ஒரு கட்சி. மகலனோபிஸின் ஆய்வுகளில் சிறிய வட்டத் துண்டுகள் பயன்பட்டன. சிறு துண்டுகள் விளைச்சலை உண்மைக்கு மேல் காட்டுகின்றன என்று சுகாத்மே தம் பரிசோதனைகளின் வாயிலாக எடுத்துக்காட்டி, 1946-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டார்.

இதன் காரணத்தை எளிய கணக்கினால் உணரலாம். துண்டின் எல்லைக் கயிற்றின்மேல் நிற்கும் தூர்களை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற ஐயம் எழும்போது, அறுப்பவரின் கை உள்ளே சேர்க்கவே முனைகிறது. இவ்வாறு நான்கு புறமும் 10 சென்டிமீட்டர் கூடுதலாக அறுக்கப்பட்டுவிட்டதாகக் கொள்வோம். 1 மீட்டர் பக்கமுள்ள சதுரம் அப்போது 1.2 மீட்டர் பக்கமுள்ளதாகிறது; பரப்பு 1.44 சதுர மீட்டர். பிழை 44 சதவீதம். அதே தவறு 5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் நிகழ்ந்தால், பக்கம் 5.2 மீட்டர், பரப்பு 25-க்குப் பதில் 27.04 சதுர மீட்டர். பிழை சுமார் 8 சதவீதம். தவறு ஒன்றே, துண்டு பெரிதாகப் பெரிதாக அதன் விளைவு சுருங்குகிறது.

இப்பிழைக்கு மற்றொரு கெட்ட குணமும் உண்டு. ஒரு வயலில் கூடுதலாகவும் மறு வயலில் குறைவாகவும் நேரும் பிழைகள் பல வயல்களின் சராசரியில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். எல்லைப் பிழையோ எப்போதும் ஒரே திசையில் நிகழ்வது. ஆயிரம் வயல்களை அறுத்தாலும் அது கழிந்துபோகாது.

இக்காரணங்களால், இன்று பெரும்பாலான மாநிலங்களில் நெல், கோதுமை போன்ற பயிர்களுக்கு 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள சதுரத் துண்டே கையாளப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தில் 10 மீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணமும், மேற்கு வங்காளத்தில் வட்டத் துண்டும் வழக்கில் உள்ளன.

வயலில் செய்யும் முறை

கிராமங்களும், கிராமத்தில் புல எண்களும், புலத்தில் வயலும் வாய்ப்பு எண் அட்டவணையைக்கொண்டு தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தேர்ந்த எண்ணில் அந்தப் பயிர் இல்லையெனின், அடுத்து எந்த எண்ணுக்குச் செல்ல வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. ஊழியர் தம் வசதிக்கேற்பச் சாலையோர வயலுக்குச் செல்ல இடமில்லை.

வயலை அடைந்தபின், அதன் தென்மேற்கு மூலையிலிருந்து தொடங்குவது வழக்கம். வயலின் நீளத்தையும் அகலத்தையும் காலடிகளால் அளந்து, துண்டு வயலுக்குள்ளேயே அடங்கும்படி அதன் நீளத்திற்குரிய காலடிகளைக் கழித்துவிட்டு, எஞ்சிய எல்லைக்குள் இரண்டு வாய்ப்பு எண்கள் எடுக்கப்படுகின்றன. ஓர் எண்ணின்படி நீளவாக்கிலும், மற்றதன்படி அகலவாக்கிலும் நடந்து சேரும் இடமே துண்டின் முதல் மூலையாகும். அங்கே முளை அடித்து, பக்கத்திற்கு 5 மீட்டராக மற்ற மூன்று மூலைகளையும் குறிக்க வேண்டும். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்தாலும் துண்டு சாய்சதுரமாகிவிடக் கூடும். ஆதலால் மூலைவிட்டங்களை அளந்து பார்த்தல் இன்றியமையாதது. சரியான சதுரமாயின் ஒவ்வொரு மூலைவிட்டமும் 7.07 மீட்டர் இருக்கும்.

கயிற்றைத் தளர்வின்றிக் கட்டி, தரைமட்டத்திற்குத் தாழ்த்தியபின், எல்லைத் தூர்களைத் தீர்மானிக்க வேண்டும். தூரின் அடிப்பாகம் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேர்க்கலாம். கதிர் மட்டும் உள்ளே சாய்ந்திருந்தால் சேர்க்கலாகாது. அடி வெளியே இருக்கும் பயிரின் கதிர் உள்ளே விழுந்திருப்பினும், அது அத்துண்டின் விளைச்சல் ஆகாது. முதலில் துண்டைச் சுற்றிலும் உள்ள எல்லையைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டு, பின்னர் உள்ளே இருக்கும் பயிரை அறுப்பது நல்லது.

அறுத்த கதிரைத் தனியே கட்டி, விரிப்பின்மேல் அடித்து, தூற்றிப் பதர் நீக்கி, நெல்லை நிறுத்துக் குறிக்க வேண்டும். நிறுக்கும் தராசு முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஈரமான நெல்லின் எடையை அப்படியே கொள்ளலாகாது. அதில் 1 கிலோகிராமை ஒரு துணிப்பையில் இட்டு, நன்றாக உலர்த்தி, உலர்ந்த எடையையும் குறிக்க வேண்டும்.

கணக்கு எளியது. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். துண்டு 25 சதுர மீட்டர். ஆகவே துண்டின் விளைச்சலை 400-ஆல் பெருக்க வேண்டும். துண்டில் 11.2 கிலோகிராம் நெல் கிடைத்தால், ஹெக்டேருக்கு 4,480 கிலோகிராம். 1 கிலோகிராம் நெல் உலர்ந்தபின் 880 கிராமாக ஆனால், உலர்ந்த கண்டுமுதல் 3,942 கிலோகிராம் ஆகிறது. துண்டின் எடையில் 100 கிராம் தவறு நேரினும் ஹெக்டேருக்கு 40 கிலோகிராம் தவறாகும் என்பதை ஊழியர் ஒருபோதும் மறத்தலாகாது.

எத்தனை வயல்கள் வேண்டும்?

ஒரே கிராமத்தில் ஒரே மழையில் விளைந்த வயல்களுங்கூட விளைச்சலில் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டைத் திட்ட விலக்கம் என்னும் அளவினால் குறிப்பர். ஒரு பகுதியில் அது ஹெக்டேருக்கு 800 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், 4 வயல்களின் சராசரியில் எதிர்பார்க்கக்கூடிய பிழை 400 கிலோகிராம். 16 வயல்களாயின் 200. 64 வயல்களாயின் 100. அதாவது, பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு வயல்கள் தேவை. வயல்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே நம்பகம் உயர்கிறது.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறப்படும். நான்கைந்து வயல்களைப் பார்த்துவிட்டு ஒரு திட்டம் ஹெக்டேருக்கு 150 கிலோகிராம் பலன் தந்தது என்று கூறுவது ஆதாரமற்றதாகும்; அச்சிறு வேறுபாடு பிழையின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். மறுபுறம், எண்ணிக்கையை அளவின்றிப் பெருக்கி, ஊழியரின் சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தினால், அறுவடை நாளில் அவர் வயலுக்கே போகாமல் எண்ணை எழுதிவிடும் அபாயம் உண்டு. செவ்வையாகச் செய்த 16 பரிசோதனைகள், மேசைமீது எழுதப்பட்ட 64-ஐக் காட்டிலும் பெரிதும் மேலானவை.

திட்டத்தின் பலனைப் பிரித்தறிதல்

விளைச்சலைச் சரியாக அளந்துவிட்டோம் என்றே கொள்வோம். அதனால் மட்டும் திட்டத்தின் பலன் தெரிந்துவிடாது. திட்டத்திற்கு முன் இருந்த விளைச்சலையும் பின் இருந்ததையும் ஒப்பிடும்போது, இடையில் மாறியது திட்டம் ஒன்றே அன்று. மழை மாறியிருக்கும், விலை மாறியிருக்கும், திட்டத்தின் உதவியின்றியே புதிய விதை சந்தை வழியாக வந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். திட்டக் கிராமங்களில் ஹெக்டேருக்கு 2,200 கிலோகிராமாக இருந்த விளைச்சல் மூன்றாண்டில் 2,700 ஆகியது என்க. உயர்வு 500. அண்டையில், அதே மண்ணும் நீரும் உடையவையாயினும் திட்டத்தில் சேராத கிராமங்களில் அது 2,100-இலிருந்து 2,450 ஆகியது. அங்கு உயர்வு 350. எனவே திட்டத்திற்கு உரியதாகக் கொள்ளத்தக்கது 150 மட்டுமே. ஒப்புநோக்கும் கிராமங்களை ஆராயாதிருந்திருப்பின், நல்ல மழையின் கொடையான 350-ஐயும் திட்டத்தின் சாதனையாகவே எழுதியிருப்போம். இதற்கு நேர்மாறாக, வறட்சி நேர்ந்த காலத்தில் விளைச்சல் குறைந்த போதிலும், அண்டைக் கிராமங்களைவிடக் குறைவாகவே வீழ்ந்ததாயின், திட்டம் பயனளித்ததாகவே பொருள். ஒப்புநோக்கு திட்டத்தைக் கண்டிக்க மட்டுமின்றி, அதற்குரிய நியாயத்தை வழங்கவும் உதவும்.

வேறு இரண்டு பொறிகளும் உள்ளன. முதலாவது, தேர்வினால் நேர்வது. செயல்விளக்க வயலுக்கு முன்வரும் விவசாயி பெரும்பாலும் நல்ல நிலமும், கிணறும், கையில் சிறிது பணமும், புதியதை ஏற்கும் ஊக்கமும் உடையவர். அவருடைய வயலைப் பக்கத்து வயலுடன் ஒப்பிட்டால், விதையின் பலன் எவ்வளவு, அவரது நிலத்தின் பலன் எவ்வளவு என்று பிரிக்க இயலாது. இரண்டாவது, தொடக்க ஆண்டினால் நேர்வது. மிக மோசமான விளைச்சல் கண்ட கிராமங்களைத் தேர்ந்து திட்டம் தொடங்கினால், அடுத்த ஆண்டு சாதாரண மழை பெய்த அளவிலேயே விளைச்சல் தானாக உயர்ந்துவிடும். ஆகவே அடிப்படை ஆய்வை ஓராண்டோடு நிறுத்தாமல், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் சராசரியைக் கொள்ளுதல் தக்கது.

அடிப்படை ஆய்வு திட்டம் தொடங்குமுன்பே நடைபெற வேண்டும். திட்டம் முடிந்தபின், மூன்று ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு விளைந்தது என்று விவசாயியைக் கேட்டால், அவர் நினைவிலிருந்து கூறும் எண், இன்றைய விளைச்சலின் நிழலாகவே அமையும்.

நம் நாட்டின் அனுபவம்

1948-இல் ஐக்கிய மாகாணத்தின் ஏடாவாவில் ஆல்பர்ட் மேயரின் ஆலோசனையுடன் தொடங்கிய முன்னோடித் திட்டத்தின் அனுபவத்தை ஒட்டி, 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் 55 இடங்களில் தொடங்கப்பெற்றது. அதே மாதத்தில், திட்டக் குழுவின்கீழ்த் திட்ட மதிப்பீட்டு அமைப்பு ஒன்றும் நிறுவப்பட்டது. திட்டத்தை நடத்துவோரே அதன் பலனையும் தீர்ப்பிடுவது முறையன்று என்பதால், இவ்வமைப்பு நடத்தும் நிர்வாகத்தினின்று தனியே வைக்கப்பட்டது. அதன் அறிக்கைகள் சாதனைகளோடு குறைகளையும் வெளிப்படையாகக் கூறின.

1957 ஜனவரியில் அமைக்கப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை அளித்த பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்களின் சொந்த முயற்சியைத் தூண்டுவதில் திட்டம் வெற்றி பெறவில்லை என்று கண்டு, பொறுப்பை மக்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து அமைப்புகளிடம் ஒப்படைக்குமாறு பரிந்துரைத்தது. மூன்றடுக்குப் பஞ்சாயத்து அமைப்பு தோன்ற இது வழிகோலியது. நேர்மையான மதிப்பீடு ஒரு நாட்டின் ஆட்சி முறையையே மாற்ற வல்லது என்பதற்கு இது சான்று. திட்டக் குழுவுக்குப் பதிலாக நீதி ஆயோக் 2015-இல் அமைந்தபின், திட்ட மதிப்பீட்டு அமைப்பின் பணி அவ்வாண்டு முதல் அபிவிருத்திக் கண்காணிப்பு மதிப்பீட்டு அலுவலகத்திடம் சேர்ந்தது.

1960-61 முதல் நடைபெற்ற தீவிர விவசாய மாவட்டத் திட்டம் மற்றோர் எடுத்துக்காட்டு. 'பாக்கேஜ்' திட்டம் என்றும் வழங்கிய இது, தஞ்சாவூர், மேற்கு கோதாவரி, ஷாஹாபாத், ராய்ப்பூர், அலிகார், லூதியானா, பாலி ஆகிய ஏழு மாவட்டங்களில் முதலில் ஏற்கப்பட்டது. விதை, உரம், கடன், ஆலோசனை யாவற்றையும் ஒருங்கே அளிப்பது இதன் நோக்கம். தொடக்கத்திலேயே அடிப்படை ஆய்வுகளும், ஆண்டுதோறும் அறுவடைப் பரிசோதனைகளும் இதன் அங்கமாகச் சேர்க்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

இம்மாவட்டங்களைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதில் ஒரு சிக்கல் தோன்றியது. 1966-இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. நீர்வசதி மிக்க லூதியானாவில் கோதுமை விளைச்சல் விரைந்து உயர்ந்தது. ஆனால் அவ்விதை அம்மாவட்டத்தோடு நில்லாமல் பஞ்சாப் முழுவதிலும் பரவியது. ஆதலின், உயர்வில் எப்பங்கு மாவட்டத் திட்டத்தினது, எப்பங்கு புதிய விதையினது என்பதை லூதியானாவின் எண்களை மட்டும் வைத்துக் கூற இயலாது. அண்டை மாவட்டங்களின் எண்களையும் அருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். அதே திட்டம் விதையும் நீரும் பொருந்தாத மாவட்டங்களில் அத்தகைய உயர்வைக் காட்டவில்லை. திட்டம் எங்குப் பலித்தது, எங்குப் பலிக்கவில்லை, ஏன் என்று கேட்பதே மதிப்பீட்டின் உண்மைப் பயன்.

விவசாயியின் பங்கு

அறுவடைப் பரிசோதனை அரசாங்கக் கணக்கோடு நிற்பதன்று. 2016 காரிப் பருவம் முதல் நடைமுறையிலுள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிர்களுக்குக் கிராமப் பஞ்சாயத்து அளவில் குறைந்தது 4 பரிசோதனைகள் விதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் சராசரி, முன்னரே குறித்த வரம்பு விளைச்சலுக்குக் குறையுமானால், குறைவின் விகிதப்படி அப்பகுதியில் காப்பீடு செய்தோர் யாவருக்கும் இழப்பீடு கிடைக்கும்.

முன்னர் கண்ட எல்லைப் பிழையை இங்குப் பொருத்திப் பார்ப்போம். வரம்பு விளைச்சல் 4,000 கிலோகிராம். உண்மை விளைச்சல் 3,600. காப்பீட்டுத் தொகை ஹெக்டேருக்கு 75,000 ரூபாய் என்று கொள்க. குறைவு 10 சதவீதம்; விவசாயிக்குச் சேர வேண்டியது 7,500 ரூபாய். கயிற்றுக்கு வெளியே நான்கு புறமும் 10 சென்டிமீட்டர் கூடுதலாக அறுக்கப்பட்டால், அளந்த விளைச்சல் சுமார் 3,894 கிலோகிராமாகத் தோன்றும். குறைவு 2.66 சதவீதமே, இழப்பீடு சுமார் 1,990 ரூபாய். ஒரு கை அகலத் தவறு, ஹெக்டேர் ஒன்றுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் விவசாயியின் கையினின்று பறித்துவிடுகிறது. அவ்வயலுக்குரியவர் ஒருவரிடமிருந்து மட்டுமன்று, அப்பஞ்சாயத்தில் காப்பீடு செய்த ஒவ்வொருவரிடமிருந்தும். எதிர்ப்புறமாக, துண்டைச் சுருக்கி அறுத்தால் இல்லாத இழப்பிற்குப் பொதுப்பணம் செலவாகும். இரக்கத்தினால் செய்யும் பிழையும் பிழையே. அது எண்களின்மீது உள்ள நம்பிக்கையைக் கெடுத்து, மெய்யான இழப்பு நேரும் ஆண்டில் விவசாயியின் சொல் எடுபடாமல் செய்துவிடும்.

இக்காரணத்தால், பரிசோதனை நடக்கும் இடத்தையும் நேரத்தையும் கைப்பேசிச் செயலியில் படத்துடன் பதிவு செய்யும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. செயற்கைக்கோள் படங்கள் முதலியவற்றினின்று பெறும் மதிப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறை 2023 காரிப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் கொணரப்பட்டது. எனினும், வானிலிருந்து காணும் பச்சை நிறத்தைக் கிலோகிராமாக மாற்றும் சூத்திரத்தைச் சரிபார்க்க, தரையில் அறுத்து நிறுத்த எண்களே உரைகல்லாக நிற்கின்றன. கயிறும் தராசும் பழுதானால் செயற்கைக்கோளும் பழுதான விடையையே தரும்.

களப்பணியாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை

தேர்ந்தெடுத்த வயலை எக்காரணத்தைக்கொண்டும் மாற்றலாகாது. பயிர் பொய்த்துப்போன வயலும் தேர்ந்த வயலே. அதை விடுத்து நல்ல வயலுக்குச் சென்றால் சராசரி உயர்ந்துவிடும். விவசாயியிடம் அறுவடை நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், வயல் அறுக்கப்பட்ட பின்னர் போய்ச் சேரும் நிலை வராது. பரிசோதனையின் நோக்கத்தை அவருக்கு விளக்கி, துண்டில் கிடைத்த நெல்லை அவரிடமே ஒப்படைத்து, எடையை அவரும் காணும்படி நிறுத்தல் வேண்டும். படிவத்தை வயலிலேயே நிரப்ப வேண்டும். தவறு நேர்ந்தால் அடித்துத் திருத்தி, திருத்தியதற்குக் காரணம் குறிக்கலாம், மறைப்பது கூடாது. பல வயல்களின் எடைகள் யாவும் முழு எண்களாகவோ, ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவையாகவோ இருப்பின், மேற்பார்வையாளர் ஐயுற இடமுண்டு. இயற்கை அவ்வளவு ஒழுங்காக விளைவிப்பதில்லை.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குப் பள்ளி மைதானத்திலேயே கற்பிக்கலாம். கயிறும் நான்கு முளைகளும் கொண்டு 1 மீட்டர் சதுரத்தையும் 5 மீட்டர் சதுரத்தையும் புல்தரையில் அமைத்து, உள்ளே உள்ள ஏதேனும் ஒரு செடியை எண்ணச் செய்யலாம். வெவ்வேறு மாணவர் குழுக்கள் ஒரே சதுரத்தை எண்ணும்போது எல்லையில் நேரும் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். பின்னர், மைதானத்தில் தாமே விரும்பிய இடத்தில் சதுரம் போடுமாறு ஒரு குழுவுக்கும், வாய்ப்பு எண்களின்படி போடுமாறு மற்றொரு குழுவுக்கும் கூறி இரு சராசரிகளையும் ஒப்பிடலாம். விருப்பம் எவ்வாறு அளவைக் கோணச் செய்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தைக் காட்டிலும் இது நன்கு விளக்கும். மூலைவிட்டம் 7.07 மீட்டர் ஆவது ஏன் என்ற வினா, பிதகோரஸ் தேற்றத்திற்கு உயிருள்ள பயிற்சியாகும்.

திட்டங்கள் பலனளிக்க வேண்டும் என்ற ஆவல் அவற்றில் உழைப்போர் யாவருக்கும் உண்டு, அவ்வாவல் இயல்பானதே. ஆயினும் விளைச்சலை அளக்கச் செல்லும் நாளில் அதனை வரப்பின்மேல் வைத்துவிட்டு வயலில் இறங்குதல் வேண்டும். பலிக்காத திட்டத்தைப் பலித்ததாக எழுதினால், அடுத்த ஆண்டும் அதே தவறான வழியில் விவசாயியின் உழைப்பும் நாட்டின் பொருளும் செல்லும். பலித்த திட்டத்தைச் சரிவர அளக்காது விட்டால், நல்லதொரு முறை பிற மாவட்டங்களுக்குச் சேராமலே மறைந்துபோகும். 25 சதுர மீட்டர் நிலத்தில் கயிற்றை நேராகக் கட்டி நிறுத்த ஓர் ஊழியரின் எண், மாவட்டக் கணக்கிலும், மாநிலக் கணக்கிலும், இறுதியில் நாட்டின் உணவுக் கணக்கிலும் போய்ச் சேர்கிறது. அது அவ்வயலிலேயே சரியாக இல்லையெனின், மேலே எங்கும் அதைத் திருத்த வழியில்லை.